மூன்றாம் முறை

மார்ச் 4, ஞாயிறு

தெஹ்ரானில் ஸ்வெட்டரோடு விமானம் ஏறினேன். தெற்கே இந்தத் துறைமுக ஊரில் இறங்கியதும் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வியர்த்து வழிந்தபடி நின்றேன். வெயிலும் உப்புக்காற்றும் தூத்துக்குடி மாதிரி இருக்கின்றன. ஊர் நினைப்பு வந்தது, உடனே பசியும் வந்தது.

டெல்லியில் பாரசீக மொழியில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆறு மாத உதவித்தொகையில் இந்த நாட்டுக்கு வந்தவளை முந்தாநாள் நம் தூதரகத்திலிருந்து கூப்பிட்டார்கள். "தமிழும் பாரசீகமும் சேர்ந்து தெரிந்தவர் இந்த நாட்டிலேயே நீ ஒருத்திதான் போலிருக்கிறது" என்றார் பட்நாயக் சார். ஒடிசாக்காரர், எதையும் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்பவர், இந்தத் துறைமுக ஊரின் துணைத் தூதரக அதிகாரி. உண்மையிலேயே நான் ஒருத்திதானா என்பது சந்தேகம். கேட்க நன்றாக இருந்ததால் மறுக்கவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் ஆறு பேர் இங்கே காவலில் இருக்கிறார்கள். வளைகுடாவின் அக்கரையில் ஓர் அரபு முதலாளியின் படகில் வேலை பார்த்தவர்கள். பிப்ரவரி ஆறாம் தேதி பனிமூட்டத்தில் கடல் எல்லை தாண்டிவிட்டார்கள். அவர்கள் சொல்வதை நான் பாரசீகத்தில் சொல்ல வேண்டும், இந்த நாட்டு அதிகாரிகள் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும். நானாக எதையும் சேர்க்கக் கூடாது.

வெளியுறவுப் பணிக்குப் போகப்போகிறேன் என்று விருதுநகரில் அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். கடை வாசலில் பலகை எழுதி மாட்டாததுதான் பாக்கி.

மார்ச் 6, செவ்வாய்

இன்று அவர்களைப் பார்த்தேன். நான் தமிழில் பேசியதும் ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒரு மாதமாக அடைத்துவைத்த பேச்சு. பாதி எனக்குப் புரியவில்லை. அவர்கள் பேச்சின் வேகத்துக்கு நான் இன்னொரு பட்டம் வாங்க வேண்டும்.

படகை ஓட்டியவர் சிலுவைதாசன், ஐம்பத்து நான்கு வயது. மற்றவர்கள் அடங்கும்வரை காத்திருந்து கடைசியில் என்னைப் பார்த்துப் பேசினார்.

"மக்களே, எங்கள அடிக்கல்ல, நல்லா சோறு தாறாவ. அதச் சொல்லணும், எழுதிக்க. எனக்க வீட்டுக்காரிக்கு தீனம். வயித்துல கட்டி. ஈஸ்டர் வர தாங்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான் அதுக்கு முன்ன போயாகணும்."

"கண்டிப்பா சொல்றேன் அண்ணாச்சி" என்றேன்.

ஈஸ்டர் ஏப்ரல் ஒன்றாம் தேதி. இந்த நாட்டுப் புத்தாண்டு மார்ச் இருபத்தொன்று. அதற்கு முன்பே அலுவலகங்கள் மூடினால் ஏப்ரல் மூன்றாம் தேதிதான் திறக்கும். ஆக, அவர் போவதென்றால் புத்தாண்டுக்கு முன்பே போக வேண்டும். பட்நாயக் சாரின் சுவர்க் காலண்டரில், கடைசி வேலைநாளான பத்தொன்பதாம் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டோம்.

மார்ச் 8, வியாழன்

துணி துவைத்தேன். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. கடல் எல்லை, நீரோட்டம், நங்கூரம் எல்லாவற்றுக்கும் பாரசீகச் சொல் எழுதி மனப்பாடம் செய்தேன்.

மார்ச் 10, சனி

நீதிமன்றம். மூன்று மணி நேரம். எல்லை தாண்டியது தெரியுமா என்று நீதிபதி கேட்டார். "தெரியாதுன்னு சொன்னா பொய்யாவும். பாதி வழியில சந்தேகம் வந்துச்சு. பனியில திரும்பப் பயந்துட்டேன்" என்றார் சிலுவைதாசன். அந்த உண்மையை அப்படியே மொழிபெயர்க்க எனக்குப் பயமாக இருந்தது. தெரியாது என்று சொல்லியிருந்தால் சுலபம். ஆனால் அப்படியேதான் சொன்னேன். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

வெளியே வந்ததும் பட்நாயக் சார், "ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை" என்றார். ஜெனீவாவில் ஒரு சர்வதேச அமைப்பின் பயிற்சி இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன், அதற்குச் சிபாரிசுக் கடிதம் தானே எழுதுவதாகவும் சொன்னார். மாலை முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 13, செவ்வாய்

விடுதலை உத்தரவு வந்துவிட்டது. இனிக் கடலோரக் காவல் அலுவலகத் தலைவரின் கையெழுத்து மட்டும் வேண்டும்.

சிலுவைதாசனின் மகள் பெனிற்றாவுக்கு நான்தான் போன் செய்தேன். நர்சிங் படிக்கிற பெண். "ஆர்டர் வந்தாச்சும்மா. இந்த வாரமே அப்பா வந்துருவாரு" என்றேன்.

"அவரு அப்பிடித்தான் சொல்லச் சொல்லுவாரு" என்றாள். குரலில் ஒரு மகிழ்ச்சியும் இல்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 14, புதன்

பட்நாயக் சாருக்குக் காய்ச்சல். விடுதலைக் கோப்பை எடுத்துக்கொண்டு நான் மட்டும் காவல் அலுவலகத்துக்குப் போனேன். ரஸ்தேகார் என்ற அதிகாரி. நல்ல மனிதர். தேநீர் கொடுத்தார், இருபது நிமிடம் பேசினோம். என் பாரசீகத்தை மெச்சினார். டெல்லியில் என் பேராசிரியர் பக்கத்தில் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார். கையெழுத்துக்கான கோப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

கடைத்தெருவில் புத்தாண்டுக்காகக் கண்ணாடிக் கிண்ணங்களில் தங்கமீன் விற்கிறார்கள். வீட்டுக்கு வீடு கம்பளங்களைச் சுவரில் போட்டு அடித்துத் துவைக்கிறார்கள்.

மார்ச் 15, வியாழன்

காவல் அலுவலகத்தில் போனை எடுக்கவில்லை. இங்கே வியாழனும் வெள்ளியும் வார விடுமுறை, அதனாலாக இருக்கும்.

மார்ச் 17, சனி

தலைவர் ஊரில் இல்லை. வியாழன் காலையே குடும்பத்தோடு வடக்கே சொந்த ஊருக்குப் போய்விட்டாராம். அவர் இடத்தில் கையெழுத்துப் போட யாருக்கும் அதிகாரமில்லை. ஏப்ரல் மூன்றாம் தேதி வருவார்.

பட்நாயக் சார் காய்ச்சலோடு நாலு பேருக்குப் போன் செய்தார். ஒன்றும் நடக்கவில்லை. "புதன் மாலை வரை அவர் இங்கே வீட்டில்தான் இருந்திருக்கிறார். யாராவது வீட்டுக்கே கொண்டுபோயிருந்தால் முடிந்திருக்கும்" என்றார். நான் ஆமாம் என்றேன்.

மார்ச் 18, ஞாயிறு

அறிக்கை தட்டச்சு செய்தேன். 'பண்டிகை விடுமுறை காரணமாகத் தாமதம்.' பட்நாயக் சார் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 19, திங்கள்

காலண்டரில் இன்றுதான் அந்தச் சிவப்பு வட்டம். காலையிலேயே போய் மாதத்தைத் திருப்பி ஏப்ரலைப் போட்டுவைத்தேன். பட்நாயக் சார் பார்த்தார்.

மார்ச் 21, புதன்

இவர்களுக்குப் புத்தாண்டு. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு தட்டு இனிப்பு கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்றேன். மறுபடி நீட்டினார். மறுபடி வேண்டாம் என்றேன். மூன்றாம் முறை நீட்டியபோது எடுத்துக்கொண்டேன். உள்ளே வந்து அதைச் சாப்பிட முடியவில்லை.

மார்ச் 24, சனி

சிலுவைதாசனைப் பார்க்க அனுமதி கிடைத்தது. தாமதத்தைப் பற்றிச் சொன்னேன். விடுமுறை என்றேன். கையெழுத்து என்றேன். கேட்டுக்கொண்டே தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மகளுட்ட சொன்னியா?"

"சொன்னேன் அண்ணாச்சி. நம்பல."

"நம்ப மாட்டா." கையைத் தேய்ப்பதை நிறுத்தினார். "சின்னதுல அவளுக்கு ஆதி குர்பானைக்கு, முதல் நன்மை வாங்குற அன்னைக்கு, வாறேன்னு சொன்னேன். அப்ப படகுல நல்ல மீன் பாடு. ஊருக்குப் போவ பேப்பர் வரல்லன்னு பொய் சொல்லிட்டு இன்னொரு தடவ கடலுக்குப் போனேன். பெறகு எனக்க அம்மா செத்தப்பவும் அதே பொய். கூட உள்ளவன் ஒருத்தன் ஊருல போய் உண்மையச் சொல்லிப்புட்டான். இந்த ஜனவரியில வீட்டுக்காரி தீனமாக் கெடக்கும்போ போவாதீங்கன்னு மக காலப் பிடிச்சா. கடைசி ஒரு தடவன்னு வந்தேன். இப்ப நெசமாவே பேப்பர் வரல்ல. யாரு நம்புவா?"

நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் தானாக எதையும் சேர்க்கக் கூடாது என்ற விதி அப்போது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

மார்ச் 25, ஞாயிறு

குருத்து ஞாயிறு. அவருக்குப் போன் பேச அனுமதி வாங்கிக் கொடுத்தேன். மனைவியால் பேச முடியவில்லை. மகள் வர மறுத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் யாரோ போனை மனைவியின் காதில் வைக்க, இவர் ஐந்து நிமிடம் பேசினார். முழுக்க முழுக்க வீட்டுக் கூரை ஓடுகளைப் பற்றிப் பேசினார். மழைக்கு முன்னால் மாற்றிவிடலாம் என்றார்.

மார்ச் 30, வெள்ளி

இன்று பெரிய வெள்ளி. சிலுவைதாசனின் மனைவி லூர்து மேரி நேற்று மாலை இறந்துவிட்டார். இன்று காலை அடக்கம் முடிந்துவிட்டது.

நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். மற்ற ஐந்து பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் உட்கார்ந்தே இருந்தார்.

"மணி அடிச்சாவளா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்தவர் விளக்கினார். யாராவது இறந்தால் கோயில் மணி அடிப்பார்களாம். ஆனால் பெரிய வியாழன் மாலையிலிருந்து உயிர்ப்புப் பெருவிழா வரை எங்கும் மணி அடிக்க மாட்டார்கள், அடக்கப் பூசையும் கிடையாதாம்.

"அப்பம் மணியில்லாமத்தான் போயிருக்கா" என்றார் சிலுவைதாசன். பிறகு என்னைப் பார்த்து, "நீ போ மக்களே, வெயிலாவுது" என்றார்.

மார்ச் 31, சனி

பதினான்காம் தேதியைப் பற்றி எழுதாமல் இந்த நோட்டில் இனி எதையும் எழுத முடியாது. எழுதிவிடுகிறேன்.

இந்த நாட்டில் தாரோஃப் என்று ஒரு மரியாதை முறை உண்டு. ஒருவர் எதையாவது செய்து தருகிறேன் என்றால் உடனே சரி என்று சொல்லக் கூடாது. உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று மறுக்க வேண்டும். மறுபடி சொல்வார். மறுபடி மறுக்க வேண்டும். மனதாரச் சொல்கிறவர் மூன்றாம் முறையும் சொல்வார், அப்போது ஏற்றுக்கொள்ளலாம். டெல்லியில் எங்கள் பேராசிரியர் பிஸ்கட் தட்டை வைத்துக்கொண்டு இதை நாடகம் போல நடத்திக் காட்டுவார். வகுப்பில் நான்தான் முதல். எங்கள் வீட்டிலும் விருந்தாளியாகப் போனால் முதலில் வேண்டாம் என்றுதான் ஆரம்பிப்போம், அதனால் எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

அன்று ரஸ்தேகார் கோப்பைப் புரட்டிவிட்டு, "தலைவரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. இன்று மாலை வரை அவர் வீட்டில் இருப்பார். நானே எடுத்துக்கொண்டு போய் வாங்கி வருகிறேன்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐயையோ, பண்டிகை நேரத்தில் உங்களுக்கு எதற்குச் சிரமம்."

"சிரமமில்லை. என் கண்ணின் மேல் வைத்துச் செய்கிறேன்."

"உங்கள் நிழல் என்றும் குறையாதிருக்கட்டும். உங்களை இந்த அளவுக்கு அலைக்கழிக்க எங்களுக்கு மனம் வராது." இதைச் சொல்லும்போது என் உச்சரிப்பு எவ்வளவு சுத்தம் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் நெஞ்சில் கை வைத்து, "உங்கள் விருப்பம்" என்றார். கோப்பை மூடி மேசை இழுப்பறையில் வைத்தார்.

நான் சிரித்த முகத்தோடு மூன்றாம் முறைக்காகக் காத்திருந்தேன். இன்னொரு தேநீர் வேண்டுமா என்று கேட்டார்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். இல்லை ஐயா, தயவுசெய்து போய் வாங்கி வாருங்கள் என்று ஒரு வரி. சொன்னால் பட்டிக்காடு என்று நினைப்பாரோ என்று கூச்சம். நாளை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். இருபது நிமிடத்தில் ஒரு தடவைகூட லூர்து மேரியின் நோயைப் பற்றி நான் சொல்லவில்லை. நம் கஷ்டத்தை முதலிலேயே எடுத்துவைப்பது நாகரிகமில்லை என்று படித்திருந்தேன். கண்டிப்பா சொல்றேன் அண்ணாச்சி என்று அவருக்கு வாக்குக் கொடுத்ததும் நான்தான்.

புதன்கிழமை கையெழுத்தாகியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்திருப்பார். அதற்குப் பிறகு பதினொரு நாள் அந்த அம்மாள் உயிரோடு இருந்தார்.

ஏப்ரல் 1, ஞாயிறு

பட்நாயக் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பேன்" என்றார்.

"சிலுவைதாசனிடம் சொல்லப்போகிறேன் சார்."

"சொல்லக் கூடாது. நீ அரசாங்கத்துக்காகப் பேசுகிறவள். அரசாங்கம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் கடிதத்தாள் இருக்கிறது. பெரும்பாலும் அதை யாரும் எடுப்பதில்லை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் முதல் வேலையிலும் இதேபோல ஒன்று நடந்தது. ஒரு குடும்பம். நான் சொல்லவில்லை. அவர்கள் ஐந்து பேரின் பெயரும் இன்னும் எனக்குத் தெரியும்."

"சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறதா சார்?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மீனவர்கள் வெளியே வந்து கையெழுத்துப் போட்டதும் அலுவலகத்தின் வேலை முடிந்துவிடும், அதன் பிறகு நான் யாரோடு என்ன பேசுகிறேன் என்பது தன் காதில் விழாது என்றார். சிபாரிசுக் கடிதத்தை உறையிலிட்டு மேசையில் வைத்திருந்தார். பார்த்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 3, செவ்வாய்

தலைவர் வந்தார். அரை நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார். ஆறு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். நாளை மறுநாள் விமானம், அதுவரை எங்கள் விருந்தினர் விடுதி.

ரஸ்தேகார் வாசல்வரை வந்தார். சிலுவைதாசனின் முகத்தைப் பார்த்து, இவருக்கு என்ன என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பெண்ணே. நான் ஓடியிருப்பேனே" என்றார். "நீங்கள் மறுத்ததும், உங்கள் அலுவலகம் முறைப்படி செய்ய விரும்புகிறது போல என்று நினைத்தேன். வற்புறுத்தினால் லஞ்சம் எதிர்பார்க்கிறேன் என்று நினைத்துவிடுவீர்களோ என்று எனக்கும் பயம்."

சிலுவைதாசன் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். வருத்தப்படுகிறார் என்றேன். இன்று நான் குறைத்து மொழிபெயர்த்தேன்.

ஏப்ரல் 4, புதன்

காலையில் விடுதிக்குப் போனேன். மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். சிலுவைதாசன் முற்றத்தில் சின்னக் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் செருகி வைத்துக்கொண்டு முகம் மழித்துக்கொண்டிருந்தார். பாதிக் கன்னம் சோப்பு நுரை.

"அண்ணாச்சி, நேத்து அந்த ஆபீசர் சொன்னதை நான் முழுசாச் சொல்லல" என்று ஆரம்பித்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவை ரஸ்தேகார் கொண்டுபோகிறேன் என்றது, நான் மறுத்தது, இரண்டாம் தடவை அவர் சொன்னது, நான் மறுத்தது. அந்த அம்மாளின் பெயரைக்கூட நான் எடுக்காதது. எங்கேயும் நிற்காமல் சொன்னேன். நின்றிருந்தால் அழுதிருப்பேன், அவருக்கு முன்னால் அழ எனக்கு உரிமையில்லை.

ரேசரைக் கீழே வைத்தார். குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். ஒரு பக்கக் கன்னம் மழித்தும் ஒரு பக்கம் நரைத்த தாடியோடும் திரும்பி வந்தார்.

"அவரு கொண்டுபோறேன்னு சொன்னாரு. நீ வேண்டாம்னுட்ட."

"ஆமா."

"மரியாதைக்கு."

"ஆமா அண்ணாச்சி. என்னை மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட..."

"அத விடு. மன்னிக்கியதெல்லாம் எனக்கு இப்ப வராது." கோபமாகச் சொல்லவில்லை. பசிக்கவில்லை என்று சொல்வது போலச் சொன்னார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "இத எனக்க மகளுட்ட சொல்லுவியா?"

நான் அதை எதிர்பார்க்கவில்லை.

"நான் நூறு தடவ சொன்னாலும் அவ நம்ப மாட்டா. அம்மா சாவ, இவரு வலை வீசிட்டு நின்னாருன்னு நெனச்சிட்டு இருப்பா. சாவுற வரைக்கும் நெனப்பா. நீ சொல்லு. உனக்க வாயால சொல்லு."

அவருக்காக நீதிமன்றத்தில் மூன்று மணி நேரம் பேசியிருக்கிறேன். இந்த எண்ணை அழுத்துவது அதைவிடக் கடினமாக இருந்தது. ஊரிலும் பழக்கமான எண்ணாகிவிட்டதால் பெனிற்றா உடனே எடுத்தாள்.

"அவருக்கு வேண்டி இன்னும் எத்தன பொய் சொல்லுவிய அக்கா?" என்றாள்.

"இது அவருக்காக இல்லம்மா. இது நான் செஞ்சது."

சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ரஸ்தேகாரின் பெயர், நாள், நேரம், இழுப்பறை எல்லாம் சொன்னேன். உங்க அப்பா போன மாசம் பதினெட்டாம் தேதியே வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவர், அவர் எங்கேயும் போகவில்லை, எந்தப் படகிலும் ஏறவில்லை, பூட்டிய அறையில்தான் இருந்தார், நான்தான் தடுத்தேன் என்றேன். அங்கே யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"எங்க அம்மா தீனமாக் கெடக்குதுன்னு அந்த ஆபீசருட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா?"

"ஓடியிருப்பேன்னு சொன்னாரு."

"ஏன் சொல்லல?"

"மரியாதையா நடந்துக்கணும்னு நெனச்சேன்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். சிலுவைதாசன் எதிரே கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. அழுகிறாளா என்று தெரியவில்லை.

"உங்களுட்ட பேச எனக்கு இஷ்டமில்ல" என்றாள் கடைசியில். "அப்பாட்ட போனக் குடுங்க."

கொடுத்தேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார்.